சட்டம் இளகியதா? காஜிகளின் மன்றமும் கும்பினியாரின் குறைப்பாடும்

கொடுங்குற்றச் செய்தி ஒன்று நாளேட்டில் வெளிவந்துவிட்டால், மறுநாள் தேநீர்க் கடை முதல் பள்ளிவாசல் திண்ணை வரை ஒரே பேச்சாகத்தான் இருக்கிறது. "பிடித்தார்கள், ஜாமீனில் விட்டார்கள், வழக்கு பத்தாண்டு நடந்தது, சாட்சியில்லை என்று விடுதலை செய்தார்கள். இப்படிச் சட்டம் இளகிப் போனால் நாடு எப்படி உருப்படும்?" என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள். "போலீஸாரின் கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள், ஒரு வாரம் அவிழ்த்து விட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று இளைஞர்கள் முடிவு கூறுகிறார்கள். இந்த வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மகளை இழந்த தாயும், வாழ்நாள் சேமிப்பைப் பறிகொடுத்த வணிகரும் நீதிமன்றப் படிகளில் ஆண்டுக் கணக்கில் ஏறி இறங்குவதைக் கண்ணாரக் காண்பவர்கள் வேறு எவ்வாறு பேசுவார்கள்?

ஆயினும், இந்த முறையீடு நம் காலத்தில் புதிதாகப் பிறந்ததன்று. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதே நாட்டில், இதே குறை மிகப் பெரிய குரலில் எழுப்பப்பட்டது. எழுப்பியவர்கள் ஆங்கிலக் கும்பினியார். அவர்கள் "மிதமிஞ்சி இளகியது" என்று குறை கூறிய சட்டம் எது தெரியுமா? இன்று உலகெங்கும் "கொடியது" என்று பேசப்படும் நம் ஷரீஅத்தின் குற்றவியல் சட்டமேயாகும்! இந்த வியப்பான வரலாற்றை நம் பிள்ளைகள் பாடநூல்களில் விரிவாகப் படிப்பதில்லை. படித்தறிய வேண்டிய வரலாறு அது.

கும்பினியார் கண்ட குறை

1765-ஆம் ஆண்டில் வங்காளம், பீகார், ஒரிஸ்ஸா ஆகிய பகுதிகளின் திவானி, அதாவது வரி வசூலிக்கும் உரிமை, கும்பினியார் கைக்கு வந்தது. குற்றவியல் நீதியும் காவலும் அடங்கிய நிஜாமத் மட்டும் பெயரளவில் நவாபிடம் இருந்தது. 1772-ஆம் ஆண்டில் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஒரு நீதித் திட்டத்தை வகுத்தார். அதன்படி மாவட்டந்தோறும் ஃபவ்ஜ்தாரி அதாலத் என்னும் குற்றவியல் மன்றம் ஏற்பட்டது. காஜியும் முஃப்தியும் மவ்லவிமாரும் அதில் அமர்ந்து, ஷரீஅத்தின்படி ஃபத்வா வழங்கினார்கள். முஸ்லிமாயினும் இந்துவாயினும் குற்றவாளிக்கு அச்சட்டமே பொருந்தியது. மேல்மன்றமாகிய சதர் நிஜாமத் அதாலத், 1775 முதல் 1790 வரை முர்ஷிதாபாதில் நாயிப் நாஜிம் முஹம்மத் ரிஜாகானின் தலைமையில் இயங்கியது.

திட்டத்தை வகுத்த ஹேஸ்டிங்ஸே மறு ஆண்டில் குறைகூறத் தொடங்கினார். முஹம்மதியச் சட்டம் மிகவும் இரக்கமான கொள்கைகளின் மீது அமைந்தது. இரத்தம் சிந்துவதை வெறுப்பது. ஆகையால் கொள்ளையரை அடக்க உதவாது என்பது அவர் எழுதியதன் சாரம்.

ஹேஸ்டிங்ஸும் அவருக்குப் பின் வந்த காரன்வாலிஸ் பிரபுவும் சொன்ன குறைகளை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, கொலைக்குப் பயன்பட்ட கருவியைப் பார்த்துத் தண்டனை மாறுகிறது. இரண்டாவது, கொலையுண்டவனின் வாரிசுகள் மன்னித்தால் கொலைகாரன் உயிர் தப்புகிறான். மூன்றாவது, சாட்சி விதிகள் மிகக் கடுமையாக இருப்பதால் குற்றம் நிலைபெறுவது அரிதாகிறது. ஒன்றன்பின் ஒன்றாக இவற்றைப் பார்ப்போம்.

ஃபிக்ஹு சொல்வது என்ன?

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்துப்படி, வெட்டும் கருவியாலோ அதைப் போன்றதாலோ கொல்வதே பழிக்குப் பழி வாங்கத்தக்க வேண்டுமென்று செய்த கொலையாகும். பெருங்கல்லாலோ தடியாலோ அடித்துக் கொன்றால் அது 'ஷிப்ஹுல் அம்து' என்னும் இடைப்பட்ட வகையில் சேரும். அதற்கு உயிருக்கு உயிர் இல்லை. கடுமையான தியத்து உண்டு. ஹனஃபீ நூல்கள் தியத்தை 100 ஒட்டகம், அல்லது 1,000 தீனார், அல்லது 10,000 திர்ஹம் எனக் கணக்கிடுகின்றன. கொல்லும் எண்ணம் உள்ளத்தில் மறைந்திருப்பது. அதைக் காட்டும் வெளி அடையாளம் கருவி ஒன்றே. அடையாளத்தில் ஐயம் இருந்தால் ஓர் உயிரைப் போக்கத் துணியலாகாது என்பது இமாமவர்களின் எண்ணம்.

ஆனால் அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) இருவருமே இதில் ஆசிரியரிடமிருந்து மாறுபட்டார்கள். பொதுவாக உயிரைப் போக்கக் கூடிய எப்பொருளால் வேண்டுமென்று கொன்றாலும் அது கொலையே என்றார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்தும் அதுவே. இனி, நகருக்குள் மீண்டும் மீண்டும் கழுத்தை நெரித்துக் கொல்பவனை, நாட்டில் குழப்பம் விளைவிப்பவன் என்ற முறையில் ஆட்சியாளர் கொல்லலாம் என்று ஹனஃபீ நூலாகிய ஹிதாயாவே கூறுகிறது. இதற்கு 'சியாசத்து' என்று பெயர். கிஸாஸ் பொருந்தாத இடத்தில் தஃஜீர் என்னும் தண்டனையை விதிக்கும் பொறுப்பும் ஆட்சியாளருக்கு உண்டு.

இதிலிருந்து நாம் அறிவது யாது? நம் சட்டத்துக்கு இரண்டு கைகள் இருந்தன. ஒரு கை காஜியினுடையது. அது சாட்சியை நிறுத்துப் பார்க்கும். ஐயம் வந்தால் பின்வாங்கும். ஐயங்களைக் கொண்டு ஹத்து தண்டனைகளை விலக்க வேண்டுமென்றும், தலைவர் தண்டிப்பதில் தவறுவதைவிட மன்னிப்பதில் தவறுவது நலமென்றும் வந்துள்ள அறிவிப்புகளே அதற்கு அடிப்படை. மற்றொரு கை நாஜிமினுடையது. முற்காலத்தில் ஸாஹிபுஷ் ஷுர்த்தா என்றும் வாலி என்றும் அழைக்கப்பட்டவருடையது. அது குற்றவாளியைத் தேடிப் பிடிக்கும். சந்தேகத்தின்பேரில் தடுத்து வைக்கும். இமாம் மாவர்தீ (ஹிஜ்ரி 450 / கி.பி. 1058-இல் மறைந்தவர்) தம் அல் அஹ்காமுஸ் சுல்தானிய்யா நூலில், காஜிக்கு இல்லாத எந்தெந்த அதிகாரங்கள் குற்றங்களை விசாரிக்கும் அமீருக்கு உண்டு என்று தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார்.

கும்பினியார் கண்டது காஜியின் கையை மட்டுமே. காஜியின் தயக்கத்தைச் சட்டத்தின் பலவீனம் என்று அவர்கள் எண்ணினார்கள். ஹேஸ்டிங்ஸின் ஏற்பாட்டில் ஹிதாயா அரபியிலிருந்து பார்ஸிக்கும், பார்ஸியிலிருந்து சார்லஸ் ஹாமில்டனால் ஆங்கிலத்துக்கும் பெயர்க்கப்பட்டு 1791-இல் வெளிவந்தது. நூல் கைக்கு வந்தது. அதைச் சூழ்ந்திருந்த நடைமுறை அவர்களுக்கு வசப்படவில்லை.

வாரிசுகளின் மன்னிப்பு

இரண்டாவது குறையில் உண்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. வாரிசுகளுக்கு மன்னிக்கும் உரிமை வழங்கியது, பழி தலைமுறை தலைமுறையாகத் தொடராமல் ஒரு குடும்பத்தின் பெருந்தன்மையால் முடிவுறவேண்டும் என்னும் உயர்ந்த நோக்கத்தால்தான். ஆனால் செல்வனொருவன் ஏழையைக் கொன்றுவிட்டு, அவன் விதவையைப் பணத்தாலோ பயமுறுத்தலாலோ மன்னிக்க வைத்தால், அது மன்னிப்பாகுமா? அதைத் தடுக்க வேண்டியவர் ஆட்சியாளர். அவர் தூங்கினால் நல்ல விதியும் வலியவனின் கருவியாகிவிடும்.

ஓரிடத்துக்கு மேல் மன்னிப்போ பரிந்துரையோ செல்லாது என்பதற்கு நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே சான்றுகள் உள்ளன. ஸஃப்வான் இப்னு உமய்யா (ரலி) அவர்கள், தம் மேலாடையைத் திருடியவனுக்குத் தண்டனை உத்தரவானதும் மனமிரங்கி, ஆடையை அவனுக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். என்னிடம் கொண்டு வருமுன் அதைச் செய்திருக்கலாகாதா என்று நாயகம் (ஸல்) கேட்டார்கள். மக்கா வெற்றியின்போது மக்ஜூம் குலத்துப் பெண்ணொருத்தி திருட்டுக் குற்றத்தில் அகப்பட, உயர்குடிப் பெண்ணாயிற்றே என்று உஸாமா (ரலி) அவர்களைக் கொண்டு பரிந்துரைக்க முயன்றபோது, நாயகம் (ஸல்) கடுமையாகச் சினந்து, முன்னிருந்த சமூகங்கள் உயர்ந்தோனை விட்டு எளியோனைத் தண்டித்ததாலேயே அழிந்தன என்று எச்சரித்தார்கள். இளக்கம் என்று நாம் அஞ்ச வேண்டியது இந்தப் பாரபட்சத்தைத்தான்.

இப்னு தைமிய்யா (ஹிஜ்ரி 728 / கி.பி. 1328-இல் மறைந்தவர்) அவர்களும், பணத்துக்காகவோ செல்வாக்குக்காகவோ தண்டனையைக் கைவிடுவதே மக்கள் வாழ்வு கெடுவதற்குப் பெருங்காரணம் என்று தம் அஸ்ஸியாசதுஷ் ஷர்இய்யா நூலில் எழுதினார்கள். அவர்களின் மாணவர் இப்னுல் கய்யிம் இன்னும் ஒரு படி மேலே சென்று உலமாக்களையே குறைகூறினார்கள். சான்றுகளின் வாசலை ஒரு சாரார் அளவுமீறிக் குறுக்கியதால், ஆட்சியாளர்கள் ஷரீஅத்துக்கு வெளியே சென்று தம் இஷ்டப்படி தண்டிக்கலானார்கள் என்பது அவர்களின் வாதம். நீதிமன்றம் பயனற்றதென்று மக்கள் கருதிவிட்டால் கொடுங்கோலுக்கு வழி திறந்துவிடும் என்பதை, ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டிலேயே திமிஷ்கு நகரத்து அறிஞர் ஒருவர் கண்டு சொன்னார் என்பது சிந்தனைக்குரியது.

பஞ்சமும் கொள்ளையும்

கும்பினியார் கண்டு அஞ்சிய கொள்ளை எங்கிருந்து வந்தது? 1770-ஆம் ஆண்டில் வங்காளத்தில் பெரும்பஞ்சம் ஏற்பட்டது. மக்களில் மூன்றிலொரு பங்கேனும் மாண்டிருப்பர் என்று ஹேஸ்டிங்ஸே மதிப்பிட்டார். அந்நிலையிலும் வரி வசூல் வன்மையாகப் பழைய அளவிலேயே நிறுத்தப்பட்டதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். நிலமிழந்தவர்களும் வேலையிழந்த படைவீரர்களும் கூட்டங்கூட்டமாகக் கொள்ளையில் இறங்கினார்கள். அவர்களுக்காக 1772-ஆம் ஆண்டு விதி இவ்வாறு வகுக்கப்பட்டது: கொள்ளையனை அவன் ஊருக்கே கொண்டுபோய்க் கொல்வது, ஊராருக்கு அபராதம் விதிப்பது, அவன் குடும்பத்தாரை அரசின் அடிமைகளாக்குவது. ஒருவன் செய்த குற்றத்துக்கு மற்றொருவர் சுமை சுமப்பதை ஷரீஅத்து ஏற்பதில்லை. மனைவியும் மழலையும் என்ன குற்றம் செய்தார்கள்?

இதனோடு வேறொரு பஞ்சத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டில் அரபு நாட்டைப் பஞ்சம் வாட்டியபோது, உமர் (ரலி) அவர்கள் திருட்டுக்குரிய தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். ஹாத்திப் என்பாரின் அடிமைகள் முஜைனா குலத்தவர் ஒருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்த வழக்கும் அவர்களிடம் வந்தது. அவ்வடிமைகளை எசமானன் பட்டினி போட்டிருக்கிறான் என்று கண்டதும், 400 திர்ஹம் பெறுமான ஒட்டகத்துக்கு 800 திர்ஹம் எசமானனே செலுத்தும்படி தீர்ப்பளித்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இச்செய்தி உள்ளது. ஒட்டகத்தை இழந்தவருக்கு இழப்புக்கு மேல் ஈடு கிடைத்தது. குற்றத்துக்கு வேரானவன் தண்டனை பெற்றான். பசித்தவன் கை தப்பியது. இதை இளகிய தீர்ப்பு என்பதா?

காரன்வாலிஸின் திருத்தங்கள்

1790 டிசம்பரில் காரன்வாலிஸ் பிரபு நிஜாமத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். சதர் நிஜாமத் அதாலத் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டது. கவர்னர் ஜெனரலும் கவுன்சிலும் நீதிபதிகளாயினர். காஜியுல் குஜாத்தும் இரு முஃப்திகளும் ஆலோசகர்களாயினர். கொலை வழக்கில் கருவியை நோக்காது எண்ணத்தையே நோக்கவேண்டும் என்று விதி வந்தது. இது அபூயூசுஃப், முஹம்மத் இமாம்களின் கருத்தைத் தழுவியதாகவே சொல்லப்பட்டது. 1793-க்குள் வாரிசுகளின் மன்னிப்பு செல்லாதாயிற்று. உறுப்பு வெட்டும் தண்டனை நீக்கப்பட்டு, ஓர் உறுப்புக்கு 7 ஆண்டும் ஈருறுப்புக்கு 14 ஆண்டும் கடுங்காவல் என மாற்றப்பட்டது. ஒரே சட்டம் ஒரு பக்கம் இளகியதென்றும் மறுபக்கம் கொடியதென்றும் திருத்தப்பட்ட விந்தையை என்னென்பது!

அந்நாளில் இங்கிலாந்தின் சட்டம் எப்படி இருந்தது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். ஏறத்தாழ 200 குற்றங்களுக்கு அங்கே தூக்குத் தண்டனை இருந்தது. வீட்டிலிருந்து 40 ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடினாலும் தூக்கு. விளைவு யாதெனில், ஜூரிமார் மனம் பொறாமல் அப்பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்று சொல்லிக் குற்றவாளியின் உயிரைக் காத்தார்கள். தண்டனை அளவு கடந்தால் தீர்ப்பளிப்போரே அதிலிருந்து தப்ப வழி தேடுவார்கள்.

வங்காளத்தில் திருத்தங்களுக்குப் பின் கொள்ளை ஒழிந்ததா? 1801-இல் வெல்லெஸ்லி பிரபு மாவட்ட நீதிபதிகளுக்கு வினாப் பட்டியல் அனுப்பிக் கேட்டபோது, குற்றம் குறையவில்லை என்றே பலரும் விடையெழுதினார்கள். 1812-இல் ஆங்கிலப் பாராளுமன்றத்துக்கு அளிக்கப்பட்ட ஐந்தாம் அறிக்கையும் வங்காளத்துக் கொள்ளையின் கொடுமையை விரிவாக வருணிக்கிறது. சொற்பச் சம்பளம் பெற்ற தாரோகாக்களுக்கு, பிடித்துத் தண்டனை வாங்கித் தரும் கொள்ளையன் ஒவ்வொருவனுக்கும் இனாம் உண்டு. மீட்கும் பொருளில் பங்கும் உண்டு. எண்ணிக்கைக்கு இனாம் என்றால், குற்றவாளி கிடைக்காத நாளில் அகப்படுபவன் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

கிட்டியும் அண்ணாந்தாளும்

நம் சென்னை மாகாணத்துக்கு வருவோம். 1802-ஆம் ஆண்டு விதிகளின்படி இங்கும் ஃபவ்ஜ்தாரி அதாலத் ஏற்பட்டது. காஜிகளும் முஃப்திகளும் அமர்ந்தார்கள். 1816-இல் மன்றோவின் சீர்திருத்தத்தால் காவல் அதிகாரம் கலெக்டரிடமும் தாசில்தாரிடமும் கிராமத் தலைவரிடமும் சேர்ந்தது. வரி வசூலிப்பவரே போலீஸாரும் ஆனார். மேலிடம் வரியைக் கேட்டது. வழக்கில் துப்பையும் கேட்டது. இரண்டையும் கொடுக்க வேண்டியவர் கையில் தடி இருந்தது.

1854-இல் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் இக்கொடுமை பேசப்பட்டபின், சென்னையில் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அமைந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் அதன் உறுப்பினர். 1855-இல் வெளிவந்த அறிக்கையைப் படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது. சில மாதங்களுக்குள் 1,900-க்கு மேற்பட்ட முறையீடுகள் குவிந்தன. விரல்களை மரக் கட்டைகளுக்கிடையே நெருக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டிப் போடும் அண்ணாந்தாள் ஆகிய தமிழ்ச் சொற்கள் அந்த ஆங்கில அறிக்கையில் ஏறி உலகெங்கும் சென்றன. நம் மொழி பெற்ற அவப்பேறு அது! வரிக்காகவும் குற்ற ஒப்புதலுக்காகவும் இவை நடந்தன என்று கமிஷன் முடிவு கூறியது.

சட்டத்தைக் கடுமையாக்கி ஆறு பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர் வெளிவந்த உண்மை இது. தண்டனை கூடிற்று, உண்மையைக் கண்டறியும் திறம் கூடவில்லை. அவ்விரண்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளியைக் கிட்டி நிரப்பிற்று.

இமாம் அபூயூசுஃப் (ஹிஜ்ரி 182 / கி.பி. 798-இல் மறைந்தவர்) அவர்கள், கலீஃபா ஹாரூன் ரஷீத் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுதிய கிதாபுல் கராஜில் இதைப் பற்றியே எச்சரித்திருக்கிறார்கள். ஆளுநர்கள் வெறும் சந்தேகத்தின்பேரில் மக்களை இருநூறு முந்நூறு அடி அடிப்பதாகக் கேள்விப்படுவதாகவும், அது ஆகுமானதன்று என்றும் கலீஃபாவிடமே சொன்னார்கள். அடித்து வாங்கிய ஒப்புதல் செல்லாது என்றார்கள். பசியாலும் அச்சத்தாலும் சிறையாலும் வாடுபவன் தனக்கெதிராகத் தானே பொய் சொல்லக்கூடும் என்னும் உமர் (ரலி) அவர்களின் கருத்தை அதற்குச் சான்றாக்கினார்கள். கைதிகள் சங்கிலியோடு தெருவில் பிச்சையெடுப்பதையும், சிறையில் மாண்ட அநாதையின் உடல் ஓரிரு நாள் கிடந்து, சக கைதிகள் காசு சேர்த்துத் தூக்கி அனுப்பக் குளிப்பாட்டலும் கஃபனும் தொழுகையுமின்றிப் புதைக்கப்படுவதையும் எடுத்துக்காட்டி, ஒவ்வொரு கைதிக்கும் மாதம் 10 திர்ஹம் நேர் கையில் கொடுக்கவும், கோடைக்கும் குளிருக்கும் உடை வழங்கவும் வேண்டினார்கள். சிறை நிரம்பி வழிவதற்குக் காரணம் வழக்குகளை உடனுக்குடன் பார்க்காமையே என்றும் சுட்டினார்கள். ஹாரூன் ரஷீதின் பக்தாதுக்கு எழுதிய இவ்வரி எந்த நாட்டுக்குத்தான் பொருந்தாது!

கமிஷனுக்குப் பின் வந்த மாற்றங்கள் இமாமவர்களின் எண்ணத்தோடு ஒத்துப்போவதைக் காணலாம். 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் வரித்துறையிலிருந்து போலீஸ் பிரிந்தது. போலீஸாரிடம் கூறும் ஒப்புதல் சான்றாகாது என்னும் விதி 1861-இல் வந்து, 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவாக நிலைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அவ்விதி நிற்கிறது. இதற்கிடையில் 1862 ஜனவரி 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடப்புக்கு வர, குற்றவியல் மன்றங்களில் காஜிகளின் ஃபத்வாவுக்கு வேலையில்லாது போயிற்று. 1864-இல் அப்பதவிகளும் நீக்கப்பட்டன.

இன்றைய நிலை

2019 டிசம்பர் 6-இல் ஹைதராபாத் அருகே, கொடிய குற்றம் சாட்டப்பட்ட நால்வரைப் போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். மக்கள் அவர்கள்மீது மலர் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் கமிஷன், போலீஸார் கூறிய வரலாறு புனையப்பட்டது என்று தன் அறிக்கையில் முடிவு கூறியது. அது 2022-இல் வெளியாயிற்று. அந்த நால்வர் குற்றவாளிகளா என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை; இனி விசாரிக்கவும் இயலாது. அதற்கு ஆறு மாதங்களுக்குப் பின், 2020 ஜூனில், நம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் வதைபட்டு மாண்டபோது நாடே கண்ணீர் வடித்தது. மலர் தூவிய கைகளும் கண்ணீர் துடைத்த கைகளும் ஒரே மக்களுடையவைதாம். ஓரிடத்தில் விசாரணையின்றிக் கொல்லும் உரிமையை நாம் வாழ்த்திக் கொடுத்தால், அது மற்றோரிடத்தில் கடை வைத்துப் பிழைப்பவனின் முதுகில் விழும்.

போலீஸாரின் துயரமும் சிறிதன்று. மேலதிகாரி ஒரு பக்கம், அரசியல்வாதி ஒரு பக்கம், பத்திரிகைகள் ஒரு பக்கம் என்று நெருக்க, "நாளைக்குள் ஆளைப் பிடி" என்று உத்தரவு வரும்போது அவர்கள் என்செய்வார்கள்? 2006-ஆம் ஆண்டில் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அதிகாரிகளுக்கு நிலையான பதவிக் காலமும், சட்டம் ஒழுங்குப் பணியிலிருந்து புலனாய்வைப் பிரித்தலும் வேண்டும் என்று ஆணையிட்டது. 1859-இல் வரியைக் காவலிலிருந்து பிரித்ததற்கும், முற்காலத்தில் காஜியை வாலியிலிருந்து வேறுபடுத்தியதற்கும் அடிப்படை ஒன்றே. பிடிப்பவனும் தீர்ப்பவனும் ஒருவனாகிவிடக் கூடாது. பிடிப்பவன் பிறர் நெருக்கத்துக்கு அடிமையாகிவிடவும் கூடாது.

ஆகவே, வாசக நேயர்களே, "சட்டம் இளகிவிட்டது" என்று நம் திண்ணையில் யாரேனும் வருந்தினால் அவரோடு நாமும் வருந்துவோம். ஆனால் எந்த இடத்தில் இளகியது என்று கேட்போம். புலனாய்வு தாமதித்ததா? சாட்சி மிரட்டப்பட்டாரா? செல்வாக்குள்ளவரின் பரிந்துரை நுழைந்ததா? நீதிபதி இருக்கை காலியாகக் கிடந்ததா? அவ்விடத்தில் இறுக்கச் சொல்லி உரக்கக் குரல் கொடுப்பது நம் கடமை. பொதுநல மனுவாகவோ, சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதும் கடிதமாகவோ, நேரில் கண்டதை அஞ்சாமல் சாட்சி சொல்வதாகவோ அக்கடமையைச் செய்யலாம். சாட்சியை மறைப்பதைத் திருமறை கடிந்துரைக்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஐயம் வரும்போது தயங்கும் நீதிபதியின் கையை மட்டும் அவசரப்படுத்த வேண்டாம். நம் பிள்ளை தவறாக அகப்படும் நாளில், அந்தத் தயக்கம் ஒன்றுதான் அவனுக்குத் துணை நிற்கும்.